ஆங்கில வகுப்பில் மேடைப் பேச்சும் பிரசன்டேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் சனி, ஞாயிறு காலைகளில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் பொறியியல் மாணவர்கள், செவிலியர்கள், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பதவி உயர்வுக்குப் பின் முதன்முறையாகக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டிய நிலைக்கு ஆளான ஐம்பது வயதுக்காரர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. வகுப்பு முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் அவர்கள் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அவற்றை அவர்களுடைய சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

நான் தமிழ் மீடியம் மேடம். முதல்ல கிராமர் சரி பண்ணிட்டு அப்புறம் பிரசன்டேஷனுக்கு வரட்டுமா?

வேண்டாம், இரண்டையும் சேர்த்தே செய்யலாம். இலக்கணம் முழுமையாக வரட்டும் என்று காத்திருப்பவர் கடைசி வரை பேசாமலே இருந்துவிடுவதை ஒவ்வொரு தொகுதியிலும் பார்க்கிறேன். உண்மையில், ஆங்கிலம் கற்பவருக்குச் சாதாரண உரையாடலைவிடப் பிரசன்டேஷன்தான் எளிது. உரையாடலில் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்பது எதிரே இருப்பவர் கையில் இருக்கிறது. பிரசன்டேஷனிலோ தலைப்பு, வரிசை, சொற்கள் ஆகிய மூன்றையும் நீங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் எதிர்காலமும் அவற்றின் எளிய வடிவில் தெரிந்தால் போதும். நேற்று நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டு நடுவில் நிகழ்காலத்துக்குத் தாவாமல் இருப்பதே கேட்பவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில நிறைய கப் வாங்கியிருக்கேன். அதே மாதிரிதானே இதுவும்?

இல்லை. கோப்பை வாங்கியவர்கள்தாம் என் வகுப்பில் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். பேச்சுப் போட்டியில் நடுவர் உங்களை அளக்கிறார். அதனால் குரலின் ஏற்ற இறக்கமும் அடுக்குமொழியும் கையசைவும் அங்கே மதிப்பெண் பெறுகின்றன. பிரசன்டேஷனில் கேட்பவர் ஒன்றைத் தெரிந்துகொண்டோ ஒரு முடிவுக்கு வந்தோ எழுந்து செல்ல வேண்டும். அவர் உங்களை மறந்து விஷயத்தை நினைவில் வைத்திருந்தால் நீங்கள் நன்றாகப் பேசினீர்கள் என்று பொருள்.

பட்டிமன்ற மேடையில் கைத்தட்டலுக்காக விடும் இடைவெளி பத்துப் பேர் அமர்ந்திருக்கும் அலுவலக அறையில் வெறும் சங்கடமாக முடியும். ஆனாலும் போட்டிகளில் பழகிய குரல் வீண்போகாது. மின்விசிறி இரைச்சலைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் பலருக்கு வாய்ப்பதில்லை.

முழுசா எழுதி மனப்பாடம் பண்ணிட்டா பயமே இருக்காதே, அதுல என்ன தப்பு?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒன்றின் கிளைகள்தாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மனப்பாடம் செய்தவரின் நினைவில் இருப்பது சொற்களின் சங்கிலி. அதில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணிக்குப் போக வழி இல்லை. எட்டாம் வகுப்புச் செய்யுளை நடுவிலிருந்து சொல்லச் சொன்னால் எப்படி முதல் அடிக்கு ஓடுவோமோ, அதேபோல மேடையிலும் மனம் தொடக்கத்துக்கு ஓடும். ஆனால் அங்கே மறுபடி தொடங்க முடியாது.

என் கல்லூரி நாட்களில் ஒரு செமினாருக்கு நான்கு பக்க ஆங்கிலத்தை அட்சரம் பிசகாமல் உருப்போட்டுச் சென்றேன். மூன்றாம் நிமிடத்தில் யாரோ கதவைத் திறந்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லான 'கான்சிக்வென்ட்லி' வரவில்லை. அதற்குப் பதிலாக 'ஸோ' என்று சொல்லியிருந்தால் போதும். விஷயம் எனக்கு முழுவதும் தெரியும். ஆனால் நான் விஷயத்தை அல்ல, அந்தச் சொல்லைத்தான் தேடிக்கொண்டு நின்றேன். பேராசிரியர் கையசைத்து உட்காரச் சொன்னார்.

மனப்பாடத்தால் இன்னொரு கேடும் உண்டு. ஒப்பிக்கிறவரின் கண்கள் கேட்பவர்மீது இருந்தாலும் பார்வை உள்நோக்கியே இருக்கும். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கூட அதைக் கண்டுகொள்வார். ஆகவே மனப்பாடம் செய்தே தீர வேண்டும் என்பவர்கள் முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் செய்யலாம். நடுவில் வரிசை மனத்தில் இருக்கட்டும், சொற்கள் அப்போதைக்கு அப்போது வரட்டும்.

அப்போ பேப்பர்ல என்னதான் எழுதி வெச்சுக்கறது?

ஐந்து வரிகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து சொற்கள். வகுப்பில் நான் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பு மழைநீர் சேகரிப்பு, ஏனென்றால் சென்னையில் அது தொடர்பாகச் சொல்ல ஏதும் இல்லாதவர் கிடையாது. முதல் வரி, 2019 கோடையில் ஏரிகள் வற்றித் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றது. இரண்டாவது, 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மூன்றாவது, ஒரு மொட்டை மாடியில் விழும் நீரின் அளவு. நான்காவது, தொட்டி இருந்தும் மணலும் ஜல்லியும் அடைத்துக்கொண்டு அது பயன்படாமல் கிடப்பது. ஐந்தாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் கேட்பவர் தம் வீட்டுத் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது.

இந்த வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். தாளைப் பார்ப்பது நீங்கள்தான், கேட்பவர் அல்ல. ஆங்கிலத்தில் எழுதினால் அதை அப்படியே வாசித்துவிடும் ஆசை வரும். தமிழில் எழுதினால் வாக்கியத்தை அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் அமைத்தே ஆக வேண்டியிருக்கும்.

அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை தேவைப்படும்?

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் வரை பேசுவது பொதுவான வேகம். கற்கும் நிலையில் இருப்பவர் 110 முதல் 120 வரை பேசினால் கேட்பவருக்கும் நல்லது. எனவே ஐந்து நிமிடத்துக்குச் சுமார் 550 முதல் 600 சொற்கள். சொற்களை எழுதி எண்ண வேண்டாம். மேலே சொன்ன ஐந்து வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசியில் பதிவு செய்து பாருங்கள். வீட்டில் ஐந்து நிமிடம் வந்தது மேடையில் மூன்றரை நிமிடத்தில் முடியும், ஏனென்றால் பதற்றம் வேகத்தைக் கூட்டும்.

கை நடுங்குது, வாய் காய்ஞ்சு போகுது. இதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?

மாத்திரை பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். உடலில் நடப்பது இதுதான்: ஆபத்து என்று மனம் எண்ணியதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, உமிழ்நீர் குறைகிறது. இது தகுதிக் குறைவின் அடையாளம் அல்ல. மேடைக்குப் போகும் முன் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் துடிப்பு இறங்கும்.

நடுங்கும் கையில் ஒற்றைத் தாளைப் பிடித்தால் அது விசிறியாடி நடுக்கத்தை ஊருக்கே காட்டிவிடும். தடித்த அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேசைமேல் வைத்துவிடுங்கள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஆரம்பத்துல 'ரெஸ்பெக்டட் டிக்னிடரீஸ் ஆன் த டயஸ்' சொல்லலன்னா மரியாதைக் குறைவு ஆகாதா?

கல்லூரி ஆண்டு விழாவில் அது தேவைதான். அவை வணக்கம் நம் மேடை மரபு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஒரு வணக்கமும் உங்கள் பெயரும் போதும். உடனே விஷயத்துக்கு வந்துவிடலாம். கேட்பவர் கூர்ந்து கவனிப்பது முதல் அரை நிமிடம்தான்; அதைப் பதவிப் பெயர்களுக்குச் செலவிட்டால் பிறகு கிடைப்பது மிச்ச மீதிக் கவனம்.

'என் ஆங்கிலம் சுமார்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர் அந்த நொடியிலிருந்து உங்கள் பிழைகளை எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஆக்சென்ட் மாத்தணுமா? வெள்ளைக்காரன் மாதிரி பேசினாத்தான் மதிப்பாங்களா?

வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வலங்கைமானில் 1869-இல் பிறந்த தமிழர். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று ஆங்கிலத்திலேயே உரையாற்றி, வெள்ளி நாவுடையவர் என்று பெயர் பெற்றார். தேவைப்படுவது தெளிவு, அதைக் கெடுப்பவை சில குறிப்பிட்ட பழக்கங்கள், அவற்றின் வேர் நம் மொழியிலேயே இருக்கிறது.

தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாடு, காசு, பாக்கு என்று குற்றியலுகரம் ஏறித்தான் முடியும். பள்ளியில் படித்த அந்த இலக்கணம் நம் நாக்கில் குடியிருப்பதால் ஆங்கிலச் சொற்களின் இறுதியிலும் அதை ஒட்டவைக்கிறோம்: 'குட்' என்பது 'குட்டு', 'பட்' என்பது 'பட்டு', 'அண்ட்' என்பது 'அண்டு'. ஒன்றிரண்டு வந்தால் தொல்லை இல்லை. நிமிடத்துக்குப் பத்து வந்தால் ஒவ்வொரு சொல்லும் நீண்டு, வாக்கியம் எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போகிறது. அடுத்தது, நம் 'ப' ஒன்றே ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கும் வேலை செய்வது. ரசீதையும் மாத்திரையையும் தமிழ் எழுத்தில் 'பில்' என்றே எழுதுகிறோம். மருத்துவமனையில் வேலை செய்யும் மாணவிகளிடம் இந்த இணையைத்தான் முதலில் பயிற்றுவிப்பேன்.

மூன்றாவது அழுத்தம். தமிழில் ஏறக்குறைய எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஒன்று மட்டும் ஓங்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசை, 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசை. உங்கள் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் பத்துச் சொற்களுக்கு மட்டும் அகராதியைப் பார்த்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த மொழியையும் திருத்த ஒரு வாரம் போதாது, பத்துச் சொற்களைத் திருத்தப் போதும்.

பிபிடியில எத்தனை ஸ்லைடு, ஒரு ஸ்லைடுல எத்தனை வரி?

அமெரிக்க எழுத்தாளரும் முதலீட்டாளருமான கய் கவாசாகி 2005-இல் முன்வைத்த 10-20-30 விதி பரவலாக அறியப்பட்டது: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், எழுத்தின் அளவு 30 புள்ளிக்குக் குறையாமல். அதில் எனக்கு மிகவும் பயன்படுவது மூன்றாவது எண். எழுத்து பெரிதாக இருந்தால் பத்தி பத்தியாக எழுத இடமே இருக்காது. ஸ்லைடைப் பார்த்து வாசிக்கும் வழக்கமும் தானாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு நான்கு ஸ்லைடுக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை.

பவர்பாயிண்ட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில எழுத்து 'பி'யை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். எல்லோரும் திரையைவிட்டு உங்களைப் பார்க்க வேண்டிய இடத்தில் இதைப் பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்து இருந்தால் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள். அடுத்தவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

நடுவுல பிளாங்க் ஆயிட்டா என்ன பண்றது?

நிறுத்துங்கள், தாளைப் பாருங்கள், அடுத்த வரிக்குச் செல்லுங்கள். மூன்று நொடி மௌனம் உங்களுக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும். கேட்பவர் அதை ஓர் இடைவெளியாக மட்டுமே கொள்வார். தவிர்க்க வேண்டியது, மறந்த சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பது. அதன் விளைவை மனப்பாடம் பற்றிய பதிலில் என் சொந்தக் கதையாகவே சொல்லிவிட்டேன்.

நம்பர் சொல்லும்போது லட்சம், கோடின்னு சொல்லலாமா, மில்லியன்னுதான் சொல்லணுமா?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இந்தியர்கள் மட்டும் இருந்தால் லட்சமும் கோடியும் போதும். வெளிநாட்டவர் ஒருவர் இருந்தாலும் மில்லியனில் சொல்லுங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன் என்ற மாற்றத்தை மேடையில் மனக்கணக்காகச் செய்யாமல் தாளிலேயே எழுதி வைத்திருங்கள்.

எந்த அலகில் சொன்னாலும், அந்த எண் கேட்பவரின் வீட்டுக்குள் நுழைய வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் அது சுமார் 1,30,000 லிட்டர் நீராக விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய பதினோரு லாரி. மழைநீர்ப் பேச்சின் மூன்றாவது வரியில் நிற்க வேண்டியது இந்தப் பதினோரு லாரிதான். லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுத்தவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி கேக்கறது புரியலன்னா? புரிஞ்சும் பதில் தெரியலன்னா?

புரியாவிட்டால் மெதுவாக ஒருமுறை சொல்லுமாறு கேளுங்கள். புரிந்துவிட்டதாகத் தோன்றினாலும் கேள்வியை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள்; பின்வரிசைக்கும் கேள்வி எட்டும், உங்களுக்கும் யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எந்த நாளுக்குள் தெரிவிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாளைக் குறிப்பிடாமல் பிறகு சொல்கிறேன் என்பதை எல்லோரும் நழுவலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வீடியோ அழைப்பில் வெளிநாட்டவருடன் பேசுவோருக்கு ஒரு சேதி: நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று விளங்குவதில்லை. வாயால் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கீழ வேலை பாக்கற பசங்க என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசறாங்க. அவங்க முன்னாடி எப்படிம்மா பேசறது?

இதைக் கேட்டவர் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளர். அந்த இளைஞர்கள் அவரிடம் எதிர்பார்ப்பது ஆங்கிலத்தை அல்ல. எந்த இயந்திரம் எப்போது படுத்துவிடும் என்பது அவருக்குத்தான் தெரியும். குறுகிய வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே செய்தி என்று பேசச் சொன்னேன். நடுவில் தமிழ் கலக்கலாமா என்றும் கேட்டார். தமிழ் தெரிந்தவர்கள் மட்டுமே இருந்தால் ஒரு வாக்கியத்தை முழுவதுமாகத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வருவதில் தவறில்லை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் பின்னிக்கொள்ளும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது போன்றது அது.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை அப்படியே பேசலாமா?

அது மனப்பாடத்தின் புதிய வடிவம், கூடுதலாக அந்தச் சொற்கள் உங்களுடையவையும் அல்ல. உங்கள் ஐந்து வரிகளை எழுதிய பிறகு, கேட்பவர் என்னென்ன கேள்வி கேட்கக்கூடும் என்று அதனிடம் கேட்டுப் பயிற்சி எடுங்கள். அதற்கு அது நன்றாகப் பயன்படுகிறது.

கிளாஸ் தவிர வேற எங்க பிராக்டிஸ் பண்றது?

மொட்டை மாடியும் கைபேசியும் முதலில். ஆட்கள் முன் பேசிப் பழக, டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் சென்னையில் பல இருக்கின்றன. 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. தயாரித்த உரைக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதியில் அந்த இடத்திலேயே தரப்படும் தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம். நீங்கள் எத்தனை முறை 'ஆ', 'உம்' என்று இழுத்தீர்கள் என்பதை எண்ணவே ஒருவரை நியமிக்கிறார்கள். சேர்வதற்கு முன் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குச் சென்று பாருங்கள்.

ஆறு மாசமா வர்றேன் மேடம், இன்னும் பயம் போகலையே?

போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பல ஆண்டுகளாகக் கற்பித்தும் புதிய தொகுதியின் முதல் நாளில் எனக்கும் வாய் உலர்கிறது. குறைவது பயம் பேச்சைத் தொந்தரவு செய்யும் அளவு. அது உள்ளிருந்து பார்த்தால் தெரியாது, காதால் கேட்டால்தான் தெரியும். முதல் வார ஒலிப்பதிவை அழிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். அதையும் இந்த வாரப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, இரண்டிலும் 'அண்டு' எத்தனை, 'ஆ' எத்தனை, தாளைப் பார்க்க நிறுத்திய இடைவெளி எத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அந்தத் தாளோடு சனிக்கிழமை வாருங்கள், பிறகு பேசலாம்.